படிவம் ஏழு

வாசலில் காலணியைக் கழற்றினேன்.
அங்கே வேறு காலணி ஒன்றுகூட இல்லை.
நூற்றிருபது பேர் உள்ளே இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

திக்ராய் மலையின் நெற்றியில்
ஒரே பாறையைக் குடைந்த கோயில்.
தூண்களை யாரும் நடவில்லை.
மற்றதையெல்லாம் வெட்டி எடுத்தபின்
மிச்சம் நின்றவை அவை.
போரில் மிச்சம் நின்றவர்கள்
அவற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

மெக்கெலேயிலிருந்து வருகிறேன்,
கணக்கெடுக்க, என்றேன்.
"போன மாதமும் எண்ணினார்கள்.
மாவு வரவில்லை" என்றார் ஒருவர்.
நான் எண்ண வந்தது அவர்களை அல்ல,
சுவர்களை என்று
எப்படிச் சொல்வதெனத் தெரியாமல்
அளவுநாடாவை எடுத்தேன்.

படிவம் ஏழில் நான்கு கட்டங்கள்:
சேதம். காரணம். அளவு. பரிந்துரை.

வடக்குச் சுவர். கியோர்கிஸின் வெள்ளைக் குதிரை
வயிறுவரை கறுத்திருக்கிறது.
காரணம், அடுப்புப் புகை.
அளவு, இரண்டரை மீட்டர்.
தெற்குத் தூண். தோட்டாக் குழி, நான்கு.
அது இவர்களுக்கு முன்பு வந்த விருந்தாளிகள்.
கூரையில் தேவதூதர்களின் கண்கள் மட்டும்,
கரி பிடித்த பானைக்குள்ளிருந்து
எட்டிப் பார்ப்பதுபோல்.

எழுநூறு ஆண்டு மஞ்சள், எழுநூறு ஆண்டு சிவப்பு,
ஒரு மழைக்காலம் தைதா சுட்டதில் போயிற்று.
இந்த நிறங்களுக்குப் பக்கத்தில்
நாங்கள் மூச்சைக்கூட அளந்து விடுவோம்.
கோபம் வந்தது. மறைக்கவில்லை.

டீக்கன் ஹாஃப்டோம் பேசாமல் கூடவே வந்தான்.
புத்தகங்கள் எங்கே என்றேன்.
தேனீக் கூடுகளில் என்றான்.
சிப்பாய்கள் வருவதற்கு முதல்நாள்
தோலேடுகளைச் சுற்றிக் காலிக் கூடுகளில் செருகி,
நிறைந்த கூடுகளை முன்வரிசையில் வைத்தானாம்.
"ஒருவன் கை விட்டான்.
அப்புறம் யாரும் விடவில்லை."
சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கிழக்குச் சுவரில் ஒரு துணி தொங்கியது.
நெட்செலா, பெண்கள் போர்த்திக்கொள்வது.
காயப்போட வேறு இடமா இல்லை என்றேன்.
லெத்தெபிர்ஹான் எழுந்து வந்தாள்.
"ஆணி இல்லை, பாருங்கள். முள்.
பழைய விரிசலில்தான் செருகினேன்,
சுவரைக் குத்தவில்லை."
விலக்கினாள்.

உள்ளே மரியாள்.
பொட்டுக் கரி இல்லை.
நேற்றுத் தீட்டியதுபோல் நீல மேலாடை,
மடியில் பிள்ளை, இரண்டு விரல் உயர்த்தி.

"இவளும் கைப்பிள்ளைக்காரி.
புகை ஆகாது."

துணியின் இந்தப் பக்கம் கன்னங்கரேல் என்றிருந்தது.
அவளிடம் இருந்த போர்வை
அது ஒன்றுதான் என்றான் ஹாஃப்டோம்.
ஜனவரியில், இந்த உயரத்தில்,
குடத்துத் தண்ணீர் இரவில் ஆடை கட்டும்.
அவள் தோளில் கிடந்தது இருமியது.

படம் எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு
திரும்பவும் மூடினாள்.

பரிந்துரைக் கட்டத்தில்
அலுவலகம் எதிர்பார்ப்பது ஒரே சொல்: அகற்றவும்.
கீழே சமவெளியில் முகாம் தயாராம்.
வரும் வழியில் பார்த்தேன்.
காற்று ஒரு கூடாரத்தை உருவிக்கொண்டு போக
ஒருவன் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்,
கையில் கரண்டியோடு.

எழுதினேன்:
புகைபோக்கி வைத்த அடுப்பு, ஆறு.
குழாய் பழைய சாளரம் வழியே. புதுத் துளை கூடாது.
தெஃப் மாவு, முப்பது மூட்டை.
கம்பளி, நூற்றிருபது.
அதை அடித்துவிட்டு, நூற்றிருபத்தொன்று.

திரும்பி வரும், தெரியும்.
தவறான படிவம் என்று சிவப்பு மையில்.
பையில் இன்னும் நாலைந்து தாள் இருக்கிறது.

வெளியே என் காலணிக்குள் ஒரு சிறுவன்
அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.
என்னைப் பார்த்ததும் பதறி இறங்கி
துடைத்து, ஜோடி சேர்த்து வைத்தான்.

மாட்டிக்கொண்டேன்.
உள்ளே இன்னும் சூடு இருந்தது.