நடுப்பலகை

‘இரு தரப்புக்கும் பொதுவான ஓரிடத்தில்,
ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு’
என்றிருந்தது நீதிமன்றத் தாளில்.
காக்ஸ் டவுன் பக்கம் நான்.
கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஜெரால்டு.
இடையில் பூங்கா, பூங்காவுக்குள்
ஓடு வேய்ந்த இந்த மரப்பாலம்.
மழை வந்தாலும் தள்ளிப்போட வேண்டாம் பாருங்கள்
என்றார் என் வக்கீல்.
வேறு காரணம் ஒன்றுமில்லை.

நுழைகிற இடத்தில் உத்தரத்தில் தொங்குகிறது
கண்டோன்மென்ட் காலத்துத் தகரம்.
மூன்று மொழிகளில் ஒரே கட்டளை.
தமிழ் வரியில் மட்டும் ஓர் எழுத்தைத் துரு தின்றுவிட்டது:
‘குதிரைகள் நடந்தே டக்க வேண்டும்.’
பெர்னிக்கு அப்போது ஆறு வயது.
எழுத்துக் கூட்டி வாசித்தாள்,
பிறகு டக்க டக்க டக்க என்று
பலகை அதிர ஓடினாள்.
கீழே சாக்கடை நுரை
வெள்ளையாக, எதுவும் கேளாமல் போய்க்கொண்டிருந்தது.

முப்பத்தைந்து பலகைகள் என்று எண்ணியது அவள்தான்.
பதினேழு அம்மாவுக்கு, பதினேழு அப்பாவுக்கு.
மிச்சம் ஒண்ணு யாருக்கு?
பாலத்துக்கு, என்றேன்.
உனக்கு, என்றானாம் அவன்.
அவன் பதிலைத்தான் எடுத்துக்கொண்டாள்.
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பலகையில் வைத்துத்தான் எல்லாம் கைமாறும்:
பள்ளிப்பை, இன்ஹேலர், பாதி போட்ட கணக்கு,
எந்த வீட்டுடையது என்று தெரியாத ஒற்றைக் காலுறை.
முதல் பல் விழுந்தது அந்தப் பக்கத்தில்.
தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தான்.
வீட்டுக்கு வரும் வழியெல்லாம்
ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தண்ணியைப் பார்த்தா குதிரை மிரளும்,
அதான் சுவர் வச்சு கூரை போட்டான்,
லாயம்னு நினைச்சு அது பாட்டுக்குப் போயிடும்,
என்பார் காவலுக்கு இருக்கும் முனிராஜப்பா.
ஜூலையில் டேப்பும் சுத்தியலுமாக வந்த
எஞ்சினியர் பெண் சிரித்தாள்.
கூரை குதிரைக்கும் இல்ல, ஆளுக்கும் இல்ல மேடம்.
அடியில இருக்கிற உத்தரத்துக்கு.
நனைஞ்சா பத்து வருஷம் தாங்கும்.
நனையலேன்னா நூறு.
சொல்லிவிட்டு நடுப்பலகையைத் தட்டினாள்.
சுத்தியல் உள்ளே போனது.

சிவப்பு நாடா கட்டி மூடிவிட்டார்கள்.
அந்த ஞாயிறு
ரயில்வே கேட் சுற்றிக்கொண்டு என் தெருவுக்கே வந்தான்.
ஆட்டோக்காரன் இரட்டைக் காசு கேட்டான் என்றான்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கேட்டின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
முன்நெற்றியில் முடி ஏறியிருந்தது.
பாலத்தின் அரையிருட்டில்
இரண்டு வருடம் இதைப் பார்த்ததில்லை.
மழை பிடித்தது.
உள்ளே வா என்று சொல்ல வாய் வரவில்லை.
குடையை நீட்டினேன்.
குடைக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போனான்,
இடது தோள் முழுக்க நனைய.

அடுத்த மாதம் திறந்தார்கள்.
கறுத்த பலகைகளுக்கு நடுவே
புதுசு ஒன்று, சந்தன நிறத்தில்.
எனக்கு அப்புறம் பொறந்த பலகை, என்றாள் பெர்னி.
குடை அதன்மேல் கிடந்தது,
நான் ஒருபோதும் அப்படிக் கட்டாத முடிச்சோடு.

இப்போது தனியாகவே நடக்கிறாள்.
யாரும் நடுவில் வரக்கூடாது, அவள் உத்தரவு.
கொண்டுவிட்டவர் தன் பக்கத்து வாசலில்
திரும்பி நிற்க வேண்டும், பார்க்கக் கூடாது.
நிற்கிறோம்.
பழைய பலகைகள் டக் டக் என்கின்றன.
புதியது மட்டும், இன்னும் ஈரம் காயாததால்,
டொக்.
அது கேட்கும் வரை
செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
கேட்டதும் அந்தக் கோடியில்
யாரோ இருமுவது கேட்கிறது.
பைக் சாவியைத் தேடுகிறேன்.