வாயில் நுழையாத பெயர்

ஏழாவது தேர்வை அறிவிக்கும் முன்பே
அறுபது பனியன்களில் கோக்லி என்று
அழுத்தி முடித்திருந்தாள் வெர்லீன்.
முதலாளியின் சூதாட்டம் அது.
டெட்ராய்ட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்:
உள்ளூர்ப் பையன்,
கல்லூரியில் ஆட்டத்துக்கு இருபத்திரண்டு புள்ளி,
அவனை விட்டு வேறு யாரை எடுப்பார்கள்?

எதிர் மதுக்கடையில் சுவர் அகலத்துக்குத் திரை.
ஆணையர் மேடைக்கு வந்தார்.
சீட்டைப் பார்த்தார்.
இன்னொரு முறை பார்த்தார்.

கிரிக்ஷ்ச்சுகைதிஸ்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு இரண்டு கண்ணாடிக் கதவுகளையும்
நடுவில் தெருவையும் தாண்டி வந்தது அந்த ஊ.
இருநூறு பேர் ஒரே மூச்சில்
முகம் தெரியாத பையனுக்குச் சங்கு ஊதினார்கள்.

முகம் பிறகுதான் தெரிந்தது.
பத்தொன்பது வயது.
தலைக்குச் சின்னதான தொப்பி,
வெளியே நீட்டிய காதுகள்.
எழுந்த வேகத்தில் முட்டி மேசையில் இடிக்க
தண்ணீர் சாய்ந்தது.
எல்லா அம்மாக்களும் மகனைக் கட்டிக்கொண்ட அந்த இரவில்
அவன் அம்மா கைக்குட்டையை எடுத்து
மேசையைத் துடைத்தாள்.
அதை மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

விடிவதற்குள் மதிப்பெண் வந்துவிட்டது.
ஒரு பத்திரிகை சி மைனஸ், இன்னொன்று டி.
இடது கை சரியில்லை என்றார் ஒரு நிபுணர்.
இடது கை மட்டும்தான் சரி என்றார்
பக்கத்து நாற்காலி நிபுணர்.
வானொலிக்காரன் பெயரை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்து
கடைசியில் தும்மினான்.
ஊரே சிரித்தது. பேருந்தில் வெர்லீனும்.
ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் தொலைபேசியில் வந்து
முப்பது வருட சீசன் டிக்கெட்டை எரித்துவிட்டேன் என்றார்.
எரித்துவிட்டீர்களா?
இல்லை, எரிக்கப் போகிறேன்.

பனேவெஷிஸ் என்ற ஊரிலிருந்து ஒரு புகைப்படம்.
அதிகாலை நாலு மணி, ஜூன் மாத வெளிச்சம்,
பள்ளிக்கூட ஆட்டக்கூடத்தின் வாசலில்
இரவு உடையோடு குதிக்கும் ஜனம்.
ஒருவர் கையில் நாய். நாய்க்கு மட்டும் தூக்கம்.

கோக்லி பதினோராவதாக எங்கோ போனான்.
அங்கேயும் ஊ என்றார்களாம்.

பதினொரு மணிக்கு மருத்துவமனைச் சீருடையில் ஒருத்தி வந்தாள்.
இரவுப் பணி முடிந்த கண்கள்.
"புதுப் பையன் பேர் போட்டு ஒன்று."
முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.
"நேற்று நானும் கத்தினேன்," என்றாள்.
வேறு விளக்கம் தரவில்லை. விலை கேட்டாள்.

எழுத்துக்கு இரண்டு டாலர். பதினாலு எழுத்து.
நாலு ஐ இருந்தன. யாருக்கும் வேண்டாத யு இருந்தது.
மூன்று கே வேண்டும்;
இழுப்பறையைக் கவிழ்த்தும் இரண்டுதான்.
இரண்டு எழுத்துகளுக்குத் தலையில் சின்னக் கொக்கி வேறு.
நம் மெய்யெழுத்தின் புள்ளி மாதிரி,
விட்டால் ஆள் மாறிவிடும்.
வெட்டி மிஞ்சிய துண்டில்
நகக் கத்தரியால் இரண்டு கொக்கி செய்தாள்.

மூன்றாவது கேயைத் தேடி
கடையை ஒரு சுற்றுச் சுற்றியவள்
மூலையில் அடுக்கியிருந்த அறுபதின் முன் நின்றாள்.
மேலே இருந்ததை எடுத்துச் சூடு காட்டி
நடு எழுத்தை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாள்.
முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோளுக்குத் தோள் போதாமல்
அக்குள் வரை இறங்கியது பெயர்.
இயந்திரத்தை மூடிப் பதினைந்து வினாடி எண்ண வேண்டும்.
எண்ணாமல் பெயரைச் சொல்லிப் பார்த்தாள்.
கிரிக்.
கிரிக்ஷ்.
நர்ஸும் சேர்ந்துகொண்டாள்.
மணி அடிக்கும்போது ச்சுகை வரை வந்திருந்தார்கள்.

அவள் போன பிறகு
மேசையில் கிடந்த கோக்லியை மடித்தாள்.
கே இருந்த இடத்தில் பசை.
தொட்டால் இன்னும் விரலில் ஒட்டியது.