வெள்ளிக்கிழமைக் கொத்து

திரையில் இரண்டு கொத்துகள் விழுந்தன.
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று,
நடுவில்
விடியமுந்தின உப்புவெளிக் கடற்கரைபோல
ஆள் நடக்காத வெள்ளை.

நாற்பத்தெட்டுச் சிப்பிகள்,
பாதி சூட்டுத் தொட்டி, பாதி சாதாத் தொட்டி.
சிப்பிக்குப் பதினெட்டாயிரம் மரபணுக்கள்.
அத்தனையையும் நசுக்கி ஒரு படத்தில் வைத்தால்
இவ்வளவு சுத்தமாகப் பிரியும் என்று
நான் கனவிலும் கேட்டதில்லை.
ஆறு சூட்டுச் சிப்பிகள் மட்டும்
பக்கம் மாறி இருந்தன.
புறநடை என்று எழுதினேன்.

அன்றிரவு நிலாவெளி வீதியில்
மூன்று பேருக்கும் கொத்துரொட்டி, என் செலவு.
இசுரு இரண்டு முட்டை கேட்டான்.
போடச் சொன்னேன்.

மூன்று கிழமை
அந்தப் படம் என் போனின் முகப்பில் கிடந்தது.
அம்மா பார்த்துவிட்டு
"மீன் சினையோ?" என்றா.

பஸ்மிலா
கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருகிறவள்.
பஸ் டிக்கெட்டின் கூட்டலையும் சரிபார்க்கிறவள்.
நான் தேவையில்லை என்று மறைத்துவைத்த நிரலைத் திறந்தாள்:
திகதி.
"நிறத்தை இதுக்கு மாத்துங்க."
மாற்றினேன்.

இடப்பக்கம் முழுக்கச் செவ்வாய்.
வலப்பக்கம் முழுக்க வெள்ளி.

வெள்ளி
பத்து மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றரில் டீசல் இல்லை.
மீன் சந்தைக்கு ஓடி
உரப்பையில் ஐஸ் கட்டி வந்து
பதினெட்டுச் சிப்பிகளைப் புதைத்துவிட்டு
இரண்டரை வரை விசிறிக்கொண்டிருந்தேன்.
ஆக, நான் கண்டுபிடித்தது
தம்பலகாமக் குடா சூடாவதை அல்ல,
மின்சார சபையை.

மேற்பார்வைக் குழுவுக்கு இதைச் சொன்ன நாள்
சூமில் நான்கு முகம், ஒன்று உறைந்திருந்தது.
நாளின் பாதிப்பைக் கழிக்க வழியுண்டு என்றார்
கலாநிதி திலகேஸ்வரன்.
கழித்துப் பார்த்தேன்.
வெள்ளி போகையில்
சூட்டையும் கையோடு கூட்டிப் போனது.
தேத்தண்ணியில் கரைந்த சீனியை
யார் திருப்பி எடுத்தார்?

மிஞ்சியவை
அந்த ஆறு.
செவ்வாயன்றே உடைத்த ஆறு சூட்டுச் சிப்பிகள்.
நான் புறநடை என்று ஒதுக்கியவை மட்டுமே
இப்போது எனக்குச் சாட்சி.
அவை பதினொரு மரபணுக்களைச் சொல்கின்றன,
அதுவும் மெதுவாக.
பதினெட்டாயிரத்தில் பதினொன்று.
முகப்புப் படத்தை எடுத்துவிட்டேன்.

மறுபடி தொடங்குகிறோம்.
எந்தச் சிப்பி எந்த நாள் என்பதை
இந்தமுறை நான் முடிவுசெய்வதில்லை.
கோட்டை வாசலடியில், பிளேன்டீ ஆறுமட்டும்,
நாற்பத்தெட்டுச் சீட்டு எழுதி
இசுருவின் தொப்பியில் குலுக்கினோம்.
இருபத்தேழாம் சீட்டை
பின்னால் வந்த மான் ஒன்று
இழுத்துத் தின்றுவிட்டது.

நான் புதுச் சீட்டு எழுதக் கை வைத்தேன்.
"பொறுங்க" என்றாள் பஸ்மிலா.
குறிப்பேட்டில் புதிதாய் ஒரு நிரல் கீறி
நேரம் போட்டு எழுதினாள்:

4.10. மான்.