ஏழாம் அத்தியாயத்தில் மழை

மின்கம்பத்தின் கீழ் இருசப்பனை நிற்கவைத்து
நான்கு பக்கம் எழுதிய பிறகுதான் தெரிந்தது,
இந்த ஊருக்கு மின்விளக்கு வர
இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.
கம்பத்தைப் பிடுங்கி எறிந்தேன்.
மண்ணெண்ணெய் விளக்கு வைத்தேன்.
பாதி முகம் இருட்டில் போயிற்று.
அழகனாகிவிட்டான்.

அந்தத் தெருவின் இளஞ்சிவப்புப் பூமரங்களும்
பிற்பாடு யாரோ நட்டவையாம்.
ஒரே இரவில் அத்தனையையும் வெட்டினேன்.
பெங்களூரில் மரம் வெட்டி
திட்டு வாங்காத ஒரே ஆள் நான்தான்.

வயிற்றுவலி என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு
ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
ருத்ரப்பா பேரேட்டைக் கொண்டுவந்து வைக்கிறார்,
கூடவே ஒரு மர அடிக்கோல்.
விரலால் புரட்டினால் பக்கம் உதிரும்.
"ஊட்டா ஆயிதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

பிளேக் முகாம், 1898.
எண் 212. ஆண். தமிழன். வயது சுமார் 26.
தந்தி ஆபீஸ் சேவகன்.
பெயர் தெரியவில்லை.
சாமான்: குடை ஒன்று. எரிக்கப்பட்டது.

அவ்வளவுதான் அவன்.
மிச்சத்தை நான் போட்டேன்:
பெயர், இடது கன்னத்தில் தழும்பு,
அல்சூர் ஏரிக்கரையில் நூற்றுச் சொச்சம் வருடம்
அலைந்துகொண்டிருக்கிற பொறுமை.

பேய்க்கும் சட்டம் எழுத வேண்டும்.
போன நாவலுக்கு ஆம்பூர் வாசகி ஒருத்தி கேட்டிருந்தாள்:
சுவருக்குள் புகுந்து போகிறவன்
தரைக்குள் மட்டும் ஏன் விழவில்லை?
மூன்று நாள் தூக்கம் போயிற்று.
அதனால் இந்த முறை முதலிலேயே விதித்துவிட்டேன்:
தான் சாவதற்கு முன் உலகத்தில் இருந்ததை மட்டுமே
அவனால் தொட முடியும்.

கோயில் தூணில் சாயலாம்.
பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது.
மெட்ரோப் படி அவனைத் தாங்காது,
கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான்,
வினோதா மேலே போய்க்கொண்டிருப்பாள்.

வினோதா பிறந்தது 1994.
அப்புறம் அவளை எங்கே தொடுவது?

"ஏழாம் அத்தியாயத்தில் முத்தம் வந்தே ஆகணும் மேடம்,"
சென்னையிலிருந்து கோமதிநாயகம்.
ஒரு பழைய செம்புக் காசை வாங்கி
அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
இந்தப் பக்கம் அவன் விரல், அந்தப் பக்கம் அவள் தோல்,
நடுவில் காசு.
வட்டிக்கடை மாதிரி இருந்தது.

அன்று மாலை பழைய மெட்ராஸ் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது.
பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழே
முப்பது ஸ்கூட்டர், எங்கும் ஈர ஹெல்மெட் நாற்றம்.
இடமில்லாமல் விளிம்பில் நின்ற என் பிடரியில்
தண்ணீர் இறங்கியது.
இது எப்போதைய தண்ணீர்?
இந்த ஊரைவிடப் பழையது,
ஏரியைவிட,
சாவைவிடவும்கூட.

தலை துவட்டாமல் எழுதினேன்.
மொட்டை மாடியில் வினோதா நனைகிறாள்.
அவளைத் தொடவில்லை அவன்.
அவள் நெற்றியில் ஓடும் நீரைத் தொடுகிறான்,
புருவம், மூக்கு நுனி, மேலுதடு.
காயக் காயக் கைவிட்டுப் போகிறாள்.

"பிரமாதம்," என்றார் கோமதிநாயகம்.
"ஆனா வெயில் காலத்துல என்ன பண்ணுவாங்க?"

எனக்கு வேறு கவலை.
212க்கு ஒரு மனைவி இருந்திருக்கலாம்.
கதைக்கு இடைஞ்சல் என்று
நானே அவளை எழுதாமல் விட்டிருக்கலாம்.
அவனுக்கு மழை பிடிக்குமா என்றுகூடத் தெரியாது,
பிடிக்காததால்தானே
குடை வைத்திருந்தான்?

கேட்க ஆளில்லை.
எரித்த குடையும் பேயாகலாம் என்று
சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்து
அதையாவது அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மறுபடி மாடி. மறுபடி மழை.
கோமதிநாயகம் காத்திருக்கிறார், நானும்.
இருசப்பன் என்ன செய்கிறான் தெரியுமா?
குடையை விரித்து
அவள் தலைக்கு மேல் பிடிக்கிறான்,
ஒரு சொட்டும் அவள்மேல் விழாதபடி,
தன் தோள் நனைய நனைய,
மடையன்.