ஒரு கிராம் குறைவு

காந்திபுரத்துக் கடையில்
இரண்டையும் மேசையில் வைத்தார் ரியாஸ்.
சின்னது இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்.
கால் கிலோ கடலைக்காயில்
இரண்டு பருப்பைக் கொறித்துவிட்ட எடை.
பெரியதற்குத் தனிப் பெட்டி.
அதைக் கட்டினால் வண்டியில்
கோகிலவாணிக்கு இடமில்லை.

"ஆடிக் காத்துக்குச் சின்னது நிக்காதுங்க."
"ஆடியில யாருங்க கல்யாணம் வெக்கறாங்க?"
என்றாள் இவள்.

ஆனியில் வைக்கிறார்களே.
போன ஆனி, கோமங்கலத்தில்,
வாடகைக்கு எடுத்த சின்னது
சீர்த்தட்டு வரிசைக்கு மேலே நின்றது.
கணவாய்க் காற்று ஒருமுறை தோளைத் தட்டியது,
அவ்வளவுதான்.
போனில் கடைசி நாற்பது நொடி:
பந்தல் ஒரு தபால்தலை,
தோப்பு, தோப்பு, இன்னும் தோப்பு,
மடை மாற்றிக்கொண்டிருந்த ஒருவர்
மண்வெட்டியோடு அண்ணாந்து பார்க்கிறார்.
பிறகு கறுப்பு.
நஷ்டம் முப்பத்தெட்டாயிரம்.
மணப்பெண் அந்தத் துண்டைத்தான்
வீடியோவின் முடிவில் வைக்கச் சொன்னாள்.

பெரியதைத் தூக்கிப் பார்த்தேன்.
எந்தக் காற்றிலும்
ஆடாமல் படம் பிடிக்குமாம்.

கோகி சின்னதைக் கைப்பைக்குள் போட்டு
ஜிப்பை இழுத்தாள்.
"பில்லு போடுங்ணா."

கிணத்துக்கடவு தாண்டியதும்
மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.
பின்னால்
அவள் பையைத் தோளிலிருந்து மடிக்கு மாற்றுவது
என் முதுகுக்குத் தெரிந்தது.