ஐந்தாவது கையொப்பம்

படிப்பைப் பாதியில் விடுவதற்கும்
எங்கள் கல்லூரியில் ஒரு படிவம் உண்டு.
வெளிர்மஞ்சள் தாள், முன்னும் பின்னும்.
மாணவர் உதவி மேசையில் நான்தான் கொடுப்பேன்.
அழுகிறவர்களுக்கு ஒரு டிஷ்யூ பெட்டி,
அழாதவர்களுக்கு ஒரு கிண்ணம் புதினா மிட்டாய்.
ஆனிகா ஸுபான்சிச் இரண்டையும் தொடவில்லை.

'காரணம்' என்ற கட்டத்தில்
'வேலை' என்று எழுதினாள்.
அதன் மேலேயே இன்னொரு முறை எழுதினாள்.
அவள் அப்பாவின் சுரங்கம் அக்டோபரில் மூடியது
எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
வடக்கு மின்னெசோட்டாவில்
ஓர் இரும்புச் சுரங்கம் மூடினால்
எங்கள் உணவகத்தில் தட்டு குறையும்,
அவ்வளவுதான் என் ஞானம்.

ஐந்து கையொப்பம் வேண்டும்.
நூலகத்தில் மூன்று டாலர் நாற்பது சென்ட் பாக்கி.
நூலகர் தன் பர்ஸிலிருந்தே போட்டுவிட்டு
ஜன்னலைப் பார்த்தபடி கையெழுத்திட்டார்.
விடுதியில் சாவியைக் கேட்டார்கள்,
வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து
'ஞாயிறு வரைக்கும் உன் அறைதானே' என்றார்கள்.
நிதிப்பிரிவில் வரிசை.
டீன் மதிப்பெண்களைப் பார்த்தாராம்,
அவளைப் பார்க்கவில்லையாம்.

ஐந்தாவது, ஆன்ம வழிகாட்டி.
இந்தக் கட்டம் எதற்கென்று யாருக்கும் தெரியாது.
எந்தக் காலத்திலோ ஒரு கன்னியாஸ்திரி
தட்டச்சில் அடித்துச் சேர்த்தது.
மூன்று முறை படிவத்தை மாற்றினோம்,
அது மட்டும் உதிரவில்லை.

தவக்காலத்து வெள்ளி, மதியம்.
அருட்தந்தை ஓட்டோ ப்ரெம்மரின் கதவில் ஓர் அட்டை:
'ஏரியில் இருக்கிறேன். ஆரஞ்சுக் கூடாரம்.
அவசரமென்றால் வரவும்.
அவசரமில்லையென்றாலும்.'

போனாள்.
மைனஸ் இருபத்திரண்டு.
உறைந்த ஏரியின் மேல் அரை மைல்,
கோட்டுக்குள் என் மஞ்சள் தாள்.
காலுக்கடியில் பனிக்கட்டி
எங்கோ நீளமாக விரிசல் விடும், திமிங்கிலம்போலக் குரல் கொடுக்கும்.
பழகியவர்கள் நிற்பதில்லை.

அங்கே நடந்ததை இருவரும் தனித்தனியே சொன்னார்கள்.
பேனா உறைந்துபோனதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.
கையெழுத்துப் போட்டால் கீறல் விழுந்தது, மை விழவில்லை.
'அக்குளில் வைத்துச் சூடாக்கு' என்றாராம்.
சூடாகும்வரை சும்மா இருப்பானேன் என்று
தூண்டிலைக் கையில் கொடுத்தாராம்.
'நான் வாயே திறக்கவில்லை' என்பது அவர் தரப்பு.
'மனுஷன் வாயே மூடவில்லை,
முக்கால்வாசி மீன், மிச்சம் முதுகுவலி' என்பது அவள் தரப்பு.
கடவுள் பேச்சில் வரவே இல்லையாம்.

இரண்டு மீன் பிடித்தாள்.
மை இளகியது.
அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.
இன்னும் உறைந்திருக்கிறது என்று
ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.
கேட்டால், 'அவள் கேட்டது அதைத்தானே' என்கிறார்.

நாலரைக்கு அவள் திரும்பியபோது
விளக்கை அணைத்துக்கொண்டிருந்தேன்.
ஐந்தும் இருந்தன.
ஐந்தாவதன் மேல் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
விதிப்படி அன்றே பதிவேற்ற வேண்டும்.
'கணினி படுத்துவிட்டது' என்றேன்.
அது என் முதுகுக்குப் பின்னால்
பச்சைக் கண்ணோடு விழித்திருந்தது.
அவளும் பார்த்தாள்.
'திங்கட்கிழமை?'
'திங்கட்கிழமை.'
போகும்போது மிட்டாய் எடுத்தாள். ஒன்றல்ல, கை நிறைய.

அன்றிரவு உணவகத்தின் பின்கதவோரம்
கைகழுவும் தொட்டியில் அவள் மீன் அரிந்ததாகவும்,
முள்ளெடுக்கத் தெரியாத சிகாகோப் பையன்கள் நாலுபேர்
சுற்றி நின்றதாகவும் கேள்வி.

திங்கட்கிழமை வந்தாள்.
என்ன சொன்னாள் என்பதை நான் சொல்லக்கூடாது.
மாணவர் விவரம் வெளியே போகக்கூடாதென்று
வருடாவருடம் கையெழுத்துப் போடுகிறவள் நான்.
பெயரைக்கூட மாற்றித்தான் சொன்னேன்.
என் மேசையின் அடி இழுப்பறையை மட்டும்
யாரும் திறக்க வேண்டாம்.
மே மாதம் பிறந்தும்
மீன் வாடை போகவில்லை.