பத்தே கால்

நானூறு மீட்டர் உயரச் சுண்ணாம்புச் சுவரில்
இரண்டு ஆணிகளை நம்பித் தொங்கியபடி
பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தோம்
நானும் லுய்ஸும்.

கீழிருந்து ஒரு தலை வந்தது.
கயிறில்லை.
இடுப்பில் சுண்ணப்பொடிப் பை மட்டும்.
கோர்வாரா தபாலாபீஸ் ஓட்டிலியா;
திங்களன்று என் பார்சலை
இரண்டு முறை எடைபோட்டவள்.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன்.
ஒலி போய் அவள் விரலில் இடித்துவிட்டால்?
விழுங்கினேன்.
தூங்கும் குழந்தையின் போர்வையை நகர்த்துவதுபோல
எங்கள் கயிற்றை விலக்கினான் லுய்ஸ்.

"மணி என்ன?"
"பத்தே கால்."
"அப்போ பஸ் கிடைச்சிடும்."

அவள் காலணி நுனி
என் கண்ணுக்கு நேரே
நகத்தளவு விளிம்பில் நின்றது,
யோசித்தது,
போயிற்று.

வெகுநேரம் கழித்துப் பார்க்கிறேன்,
என் முடிச்சை இரண்டு கைகளாலும்
பிடித்திருக்கிறேன்.
பாலாடைக்கட்டி
எப்போது கீழே போனதோ.